எடை குறைந்ததும் பசி கூடுவது ஏன்?

கேள்வி: உணவைக் குறைத்து எட்டுக் கிலோ இளைத்தேன். இப்போது முன்பைவிட அதிகமாகப் பசிக்கிறது. மனக்கட்டுப்பாடு போதவில்லையா?

பதில்: அப்படிச் சொல்வது நியாயமல்ல. கொழுப்புத் திசுவில் சுரக்கும் லெப்டின் என்னும் ஹார்மோன், உடலில் எவ்வளவு கொழுப்பு இருப்பில் உள்ளது என்பதை மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸுக்குத் தெரிவித்துக்கொண்டே இருக்கிறது. நீங்கள் இளைத்ததும் லெப்டின் குறைகிறது. அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொள்ளும் ஹைப்போதலாமஸ், பசியைத் தூண்டுவதோடு உடல் செலவிடும் ஆற்றலையும் குறைத்துவிடுகிறது. வெறும் வயிற்றில் சுரந்து பசியை எழுப்பும் கிரெலினும் அப்போது கூடுகிறது. 2011இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், இளைத்து ஓராண்டு கழிந்த பிறகும் இந்த மாற்றங்கள் நீடித்தன.

1994இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் லெப்டினுக்கான மரபணுவைக் கண்டறிந்தபோது, லெப்டினையே ஊசியாகப் போட்டு எடையைக் குறைத்துவிடலாம் என்று பலரும் நம்பினார்கள். பிறவியிலேயே லெப்டின் சுரக்காத, மிக அரிதான சிலருக்கு அது நன்றாகவே பலித்தது. பருமனான மற்றவர்களில் பெரும்பாலோரின் இரத்தத்திலோ அது ஏற்கெனவே மிகுதியாக இருக்கிறது. மூளைதான் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. இப்போது பரவலாகப் பேசப்படும் செமாகுளூட்டைட் ஊசி, ஜிஎல்பி-1 என்னும் குடல் ஹார்மோனைப் போலச் செயல்பட்டுப் பசியைத் தணிக்கிறது. நிறுத்தியவர்களில் பலருக்கு எடை மீண்டும் ஏறுகிறது.