சிங்கிள்ஸ்பீடு (ஒரே கியர்) மலை சைக்கிளுக்கு நீடித்து உழைக்கும் முன்பக்கச் செயின்ரிங் எது?

அலுமினியச் செயின்ரிங் (பெடலோடு சுழலும் முன் பல்சக்கரம்) சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது, எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எடை பெரிதில்லை என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஸ்டீல் வாங்குங்கள். அலுமினியம்தான் வேண்டுமென்றால் 6061 என்ற அலுமினியக் கலவையை விட 7075 கலவை உறுதியானது.

கியர் மாற்றும் வேலையே இல்லையே, அதனால் பக்கவாட்டில் கியர் மாற்ற உதவும் சிறு பின்கள் (ஊசிகள்) இல்லாத, முழு உயரப் பற்கள் கொண்ட ரிங்காகப் பாருங்கள். ஃபிரேமில் உரசாது என்றால் 32-16க்குப் (முன்னால் 32 பற்கள், பின்னால் 16) பதில் 36-18 போடலாம். விகிதம் அதே 2:1தான். ஆனால் செயினின் இழுவிசை குறையும், சுமையும் கூடுதல் பற்களுக்குப் பிரிந்துவிடும். இதன் பலனைப் பலர் கவனிப்பதே இல்லை.

அப்புறம், செயினை அளந்து பாருங்கள். 12 அங்குலத்துக்கு 1/16 அங்குலம் நீண்டிருந்தால் உடனே மாற்றுங்கள். நீண்ட செயின் ஸ்டீல் பற்களையும் தின்றுவிடும்.