ஜெர்மனியில் ‘கிஃப்ட்’ என்றால் விஷம்

கேள்வி: ஐரோப்பிய மொழிகளில் ஒரே சொல் மொழிக்கு மொழி வேறு பொருள் தருமா? உதாரணம் சொல்ல முடியுமா?

தரும். நான் முதலில் தெரிந்துகொண்ட உதாரணத்தை இன்றும் மறக்கவில்லை. ஜெர்மனிக்குப் படிக்கப் போன புதிது. வாடகை வீட்டின் நிலவறையில் சைக்கிளை நிறுத்த இறங்கியபோது, மூலையில் ஒரு அட்டைப்பெட்டி கிடந்தது. மேலே எலிப் படம், கீழே ‘ராட்டன்கிஃப்ட்’ என்று எழுதியிருந்தது. ராட்டன் என்றால் எலிகள் என்று தெரியும், மீதிப் பாதி புரியவில்லை. எடுத்துப் பார்க்கக் கையை நீட்டினேன். கூட வந்த வீட்டுக்கார அம்மா “நைன், நைன்!” (வேண்டாம், வேண்டாம்!) என்று என் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். ஜெர்மனில் கிஃப்ட் என்றால் விஷம்.

ஆங்கிலத்தில் பரிசு, ஜெர்மனில் விஷம். ஸ்வீடிஷில் அதே எழுத்துகளை ‘யிஃப்ட்’ என்று உச்சரிப்பார்கள். அங்கே அதற்கு விஷம் என்றும் பொருள், திருமணமானவர் என்றும் பொருள். டச்சில் கடைசி ‘ட்’ இருந்தால் நன்கொடை, இல்லாவிட்டால் விஷம்.

தற்செயலா என்றால் இல்லை. எல்லாவற்றுக்கும் வேர் ‘கொடு’ என்ற வினைதான். எதைக் கொடுப்பது என்பதில்தான் மொழிகள் பிரிந்தன. ஸ்வீடிஷில் கொடுக்கப்பட்டது பெண். நாமும் ‘பெண் கொடுத்த இடம்’ என்றுதானே சொல்கிறோம்? பழைய ஆங்கிலத்திலும் இந்தச் சொல் மணப்பெண்ணுக்காகக் கொடுக்கும் பணத்தைத்தான் குறித்தது, பன்மையில் திருமணத்தையே குறித்தது. இன்றைய ‘பரிசு’ என்ற பொருள் ஸ்காண்டிநேவியர்களின் பழைய மொழியிலிருந்து வந்து சேர்ந்தது.

சரி, விஷம் எப்படி வந்தது? கிரேக்கத்தில் ‘டோசிஸ்’ என்றால் கொடுத்தல். வைத்தியர் ஒரு வேளைக்குக் கொடுக்கும் மருந்துக்கும் அதுவே பெயர். நாம் சொல்லும் ‘டோஸ்’ அதுதான். அந்தச் சொல் லத்தீன் வழியாக வந்தபோது, ஜெர்மானியர் அதைத் தங்கள் ‘கொடுத்தல்’ சொல்லாலேயே குறித்தார்கள். கொடுத்த மருந்து கொல்லவும் செய்யலாம். விஷம் என்று வாய்விட்டுச் சொல்லத் தயங்கிய இடத்தில் ‘கொடுத்தது’ என்று சொல்லிச் சொல்லி, அதுவே விஷத்தின் பெயராகிவிட்டது. எலி மருந்து, பூச்சி மருந்து என்று சொல்லும் நமக்கு இது எளிதில் விளங்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்த செய்தி. ஜெர்மனில் பழைய பொருள் முழுக்கச் செத்துவிடவில்லை. ‘மிட்கிஃப்ட்’ என்றால் பெண்ணோடு கூடக் கொடுத்து அனுப்புவது, அதாவது வரதட்சணை. விஷம் என்ற பொருள் வந்த பிறகும், கூட்டுச்சொல்லுக்குள் ‘கொடுத்தல்’ அப்படியே இருக்கிறது.

எல்லாச் சொல்லும் இப்படிக் கிளைத்தவை அல்ல. ‘புர்ரோ’ இத்தாலியனில் வெண்ணெய், ஸ்பானிஷில் கழுதை. இரண்டும் வேறு வேறு லத்தீன் சொற்களிலிருந்து வந்து, ஒலி மட்டும் ஒன்றாகிவிட்டது. அதில் தோண்டிப் பார்க்க ஒன்றும் இல்லை.

அப்புறம், பிராகில் ஒரு ரொட்டிக் கடை. என்னோடு வந்த ரஷ்ய நண்பர் பலகையைப் பார்த்துவிட்டு, “இதையா விற்கிறார்கள்?” என்று கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். ‘செர்ஸ்த்வி’ என்று எழுதியிருந்தது. செக் மொழியில் அதற்குப் ‘புதிய’ என்று பொருள். ரஷ்ய மொழியில் அதே சொல் (உச்சரிப்பு சற்று மாறும்) ரொட்டியோடு வந்தால் ‘காய்ந்துபோன’ என்று பொருள். உள்ளே அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டி மணத்துக்கொண்டிருந்தது!

இதற்கும் வேர் ஒன்றே: கெட்டியான, உறுதியான. உடல் உறுதி என்ற பக்கமாகப் போன செக் மொழியில் அது புத்துணர்ச்சியாகி, புதியதாகிவிட்டது. ரஷ்யர்களுக்கு ரொட்டி கெட்டிப்பட்டது. நடுவில் இருக்கும் போலிஷ் இரண்டையும் விடவில்லை. அங்கே ரொட்டியை அந்தச் சொல்லால் சொன்னால் பழசு. ஒரு கிழவரைச் சொன்னால், இந்த வயதிலும் திடமாக இருக்கிறார் என்று பொருள்.