எழுந்ததும் வயிறு கூப்பிடுகிறதே, ஏன்?

கேள்வி: ராத்திரி வயிறாரச் சாப்பிட்டுத்தான் படுக்கிறேன். ஆனாலும் கண் விழித்ததுமே அகோரப் பசி. எட்டு மணி நேரம் சாப்பிடாததாலா?

பதில்: அது மட்டும் காரணமாக இருக்க முடியாது. தூக்கத்திலும் கல்லீரல் தன் கையிருப்பிலிருந்து ரத்தத்துக்குக் குளுக்கோஸ் அனுப்பிக்கொண்டே இருக்கும். தவிர, உடலின் உள்கடிகாரம் காலையில் பசியை அடக்கியே வைக்கிறது. 2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 12 பேரை மங்கலான வெளிச்சத்தில் ஆய்வகத்திலேயே தங்கவைத்துப் பார்த்தார்கள். பசி மிகக் குறைவாக இருந்தது காலை 8 மணி வாக்கில், உச்சம் தொட்டது இரவு 8 மணி வாக்கில். அதனால் அகோரப் பசி என்றால் முந்தைய நாளைத்தான் பார்க்க வேண்டும். பகல் உணவைத் தவிர்த்தீர்களா, மாலையில் கடும் உடற்பயிற்சியா, மது அருந்தினீர்களா? தினமும் எழுந்தவுடன் சாப்பிடுபவர் என்றால் கிரெலின் என்ற பசி ஹார்மோன் அந்த நேரத்துக்குப் பழகிவிடும். அது வெறும் பழக்கம்தான், பயப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: நாலைந்து மணி நேரம்தான் தூங்குகிறேன். அதற்கும் பசிக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: நிறைய உண்டு. இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்ட 2004ஆம் ஆண்டு ஆய்வில், கிரெலின் 28 சதவீதம் கூடியது. போதும் என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது. முதலில் தூக்கத்தைச் சரிசெய்யுங்கள்.

கேள்வி: இன்சுலின் போடுகிறேன். விடியற்காலை வியர்த்துக்கொட்டி, பசியோடு விழிக்கிறேன்.

பதில்: இதை அலட்சியம் செய்யாதீர்கள். உடனே சர்க்கரையைப் பாருங்கள். 70 மி.கி./டெ.லி.க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் எடுத்துக்கொண்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். இன்சுலின் அளவை நீங்களாக மாற்ற வேண்டாம்.

கேள்வி: பசியோடு எழுபவன்தான் ஆரோக்கியமானவன். காலையில் பசிக்காதவர்கள்தான் பரிசோதிக்க வேண்டும்!

மற்றொருவர்: தவறு. எனக்கு இருபது வருடமாகக் காலையில் பசித்ததே இல்லை. நன்றாகத்தான் இருக்கிறேன்.

பதில்: இருவரும் ஒரே அளவுகோலை எல்லார் மேலும் வைக்கிறீர்கள். உள்கடிகாரம் ஆளுக்கு ஆள் வேறுபடும். காலையில் பசிக்காதது தனியாக ஒரு நோய் இல்லை. ஆனால் நள்ளிரவில் எழுந்தெழுந்து சாப்பிட்டு, அதனால் காலையில் பசிக்கவில்லை என்றால் சங்கதி வேறு. இரவு உணவுக் கோளாறு என்று 1955இலேயே விவரிக்கப்பட்டது அது. எனவே பசி இருக்கிறதா இல்லையா என்பதைவிட, வழக்கத்திலிருந்து திடீரென மாறியதா என்று கேளுங்கள்.

கேள்வி: காலைப் பசி என்றால் சர்க்கரை நோயா?

பதில்: பசி மட்டும் இருந்தால் அப்படிச் சொல்ல முடியாது. கூடவே தாகம், அடிக்கடி சிறுநீர், எடை இழப்பு இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

கேள்வி: எனக்கும் காலையில் பசி, சர்க்கரையாக இருக்குமோ?

பதில்: மேலே உள்ள பதிலைப் படியுங்கள். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் என்றால், விடியற்காலை வியர்த்து விழிப்பவருக்குச் சொன்ன பதிலையும் கட்டாயம் படியுங்கள்.

கேள்வி: நடுராத்திரி மேல்வயிறு எரிகிறது, சாப்பிட்டால் அடங்குகிறது.

பதில்: குடல்புண்ணாக இருக்கலாம். இரைப்பை குடல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து பசி தாங்கவில்லை. நிறுத்தலாமா?

பதில்: அந்த மருந்து பசியைத் தூண்டும், உண்மைதான். ஆனால் திடீரென நிறுத்துவது ஆபத்து. எழுதிக்கொடுத்தவரிடம் பேசுங்கள்.