பிளஸ் டூ முடிந்தது, அடுத்து? ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் பதில்கள்

வியாசர்பாடி மாணவி: சார், கணக்கு 88, இயற்பியல் 76, வேதியியல் 80. இன்ஜினியரிங் கட்-ஆஃப் எவ்வளவு? ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி. வீட்டில் யாரும் டிகிரி படிக்கவில்லை.

பதில்: கணக்கு முழுசாக, மற்ற இரண்டும் பாதி. 88 + 38 + 40 = 166, இருநூறுக்கு. ஆனால் உனக்கு அதைவிடப் பெரிய விஷயம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. அதில் இன்ஜினியரிங் சீட் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே கட்டும். ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்ததற்குத் தலைமை ஆசிரியரிடம் சான்று வாங்கு. இ-சேவை மையத்தில் முதல் பட்டதாரி சான்றுக்கும் எழுதிப் போடு. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் உண்டு. கல்லூரியில் சேர்ந்ததும் கேள். ஆதாரில் இனிஷியல் முன்னால், மார்க் ஷீட்டில் பின்னால் என்று இருந்தால் இந்த வாரமே சரிசெய்.

பெரம்பூர் தந்தை: மேனேஜ்மென்ட் கோட்டாவில் ஒரு காலேஜில் முன்பணம் கட்டி ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் கொடுத்துவிட்டோம். கவுன்சிலிங் போகலாமா?

பதில்: போங்கள். ஒரிஜினலைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும், விட்டுவிட்டு வரக் கூடாது. அவர்கள் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-லேயே சொல்லிவிட்டது. எழுத்தில் கேளுங்கள். டொனேஷன் வாங்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1992 முதல் சட்டமே இருக்கிறது.

அம்பத்தூர் தந்தை: பையன் டிரிபிள் இ (எலெக்ட்ரிகல் அண்ட் எலெக்ட்ரானிக்ஸ்) என்கிறான். எந்தக் காலேஜானாலும் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் என்கிறேன் நான்.

பதில்: படிக்கப் போவது யார், சார்?

குரோம்பேட்டை வாசகர்: நான் மெக்கானிக்கல். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நன்றாகத்தான் இருக்கிறேன்.

அம்பத்தூர் தந்தை: சம்பளத்தைச் சொல்லுங்கள், பார்ப்போம்.

குரோம்பேட்டை வாசகர்: வீட்டு லோனைக் கட்டி முடித்துவிட்டேன். போதுமா?

பதில்: சரி, நிறுத்துங்கள் இரண்டு பேரும். சார், வேலை நாளில் பையனை அழைத்துக்கொண்டு அந்தக் காலேஜுக்குப் போங்கள். அட்மிஷன் ஆபீஸ் ஏசி அறையில் உட்காராதீர்கள். நாலு மணிக்கு பஸ் ஸ்டாப்பில் நில்லுங்கள். மூன்றாம் வருஷப் பிள்ளைகள் வருவார்கள். லேபில் மிஷின் ஓடுகிறதா, பாடம் எடுப்பவர் பாதியில் மாறிப் போகிறாரா என்று கேளுங்கள். எத்தனை கம்பெனி வந்தது என்பதை விடுங்கள். எத்தனை பேர் வேலையில் சேர்ந்தார்கள்? அதற்குப் பதில் வராத இடத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தும் பிரயோஜனம் இல்லை. இன்னொன்று, கவுன்சிலிங்கில் கொடுக்கும் சாய்ஸ் லிஸ்டில் ஆசைப்படுவதை மேலே போடுங்கள். கிடைக்காது என்று நீங்களே கீழே தள்ளாதீர்கள்.

தாம்பரம் மாணவன்: சார், கட்-ஆஃப் எப்படிப் போடுவது?

பதில்: முதல் பதிலைப் படி, தம்பி.

திருவொற்றியூர் மாணவன்: எனக்கு ஓவியம்தான் வரும். வீட்டில் சிரிக்கிறார்கள்.

பதில்: எழும்பூர் கவின் கலைக் கல்லூரிக்கு வீட்டில் இருப்பவர்களையும் கூட்டிப் போ. 1850-ல் தொடங்கிய இடம். வரைந்ததில் நல்லதாகப் பார்த்து எடுத்து வை.

வடபழனி மாணவி: கட்-ஆஃப்...

பதில்: அம்மா, முதல் பதில்!

மாதவரம் தாய்: ஒரிஜினலை லேமினேட் செய்து வைக்கலாமா?

பதில்: வேண்டாம். பிளாஸ்டிக் ஃபோல்டர் போதும். ஜெராக்ஸ் பத்து செட் எடுத்துக்கொள்ளுங்கள், கேட்பவர்களுக்கு அதையே கொடுங்கள்.