தார்ப்பாயைக் கொஞ்சம் தூக்கிவிடுங்கள்

கொடைக்கானல் மலையில் உள்ள பண்ணைக்காட்டிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "கொல்லையில் ஆறு நாட்டுக்கோழி, வீட்டுக்குள் ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ். மார்கழிப் பனிக்குப் பயந்து கோழிக்கூண்டைத் தார்ப்பாயால் சுற்றி மூடினேன். இப்போது கோழிகள் தும்முகின்றன, கண்ணில் நீர் வடிகிறது. லவ் பேர்ட்ஸுக்குப் பக்கத்தில் ராத்திரி கரி அடுப்பு வைக்கலாமா?"

கரி அடுப்பு வேண்டவே வேண்டாம் அம்மா. மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனையும் கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. முதலில் சாய்வது பறவை, அப்புறம் வீட்டு ஆட்கள். கூண்டை ஜன்னலோரத்திலிருந்து உள்சுவர்ப் பக்கம் நகர்த்தி, மூன்று பக்கமும் பழைய வேட்டியைப் போர்த்துங்கள், போதும்.

இனி கோழி. குளிரை அது தாங்கும். உடம்புச் சூடே 41 டிகிரி செல்சியஸ் அளவு, இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடும். தாங்காதது ஈரம். எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர்தான், மூச்சிலும் ஈரம். தார்ப்பாய்க்குள் அது எங்கே போகும்? விடிந்ததும் தார்ப்பாயின் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், கை நனையும். அப்படியே கோழி உயரத்துக்குக் குனிந்து மூச்சை இழுங்கள். கண் எரிந்தால் அது ஈர எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியா. ராத்திரி முழுக்க அதைச் சுவாசித்தால் தும்மாமல் என்ன செய்யும்?

காற்று அடிக்கும் பக்கம் மட்டும் தார்ப்பாய் இருக்கட்டும். கோழி உட்காரும் கட்டைக்கு மேலே, கூரையை ஒட்டி ஒரு சாண் திறந்துவிடுங்கள். தரையில் காய்ந்த உமியோ மரச்சீவலோ நாலு விரல் கனத்துக்குப் பரப்பி, வாரம் இரண்டு முறை கிளறுங்கள். கட்டிபிடித்ததை அள்ளி மட்கவைத்தால் காப்பிச் செடிக்கு ஆகும்.

இரண்டு மூன்று நாளில் தும்மல் குறையாவிட்டாலோ, முகம் வீங்கினாலோ, அந்தக் கோழியைப் பிரித்துவைத்துக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ கழிந்து கழுத்தும் திருகினால் ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம், வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். அது லவ் பேர்ட்ஸையும் தாக்கும். அதனால் காலையில் முதலில் அவற்றுக்குத் தீனி வையுங்கள், பிறகு கோழிக்கூண்டுக்குப் போங்கள், திரும்பி வந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் உங்கள் ஊர் என்பதால் சொல்கிறேன். தோட்டத்தில் பட்டர் ஃப்ரூட் உதிர்ந்து கிடக்கும். ஒரு துண்டுகூட லவ் பேர்ட்ஸுக்குக் கொடுத்துவிடாதீர்கள். அதிலுள்ள பெர்சின் என்ற பொருள் அவற்றின் இதயத்தைக் கெடுத்துவிடும்.