வாய் கோணினால் மூளையா, நரம்பா? நெற்றி சொல்லும்

வாய் ஒரு பக்கம் கோணி வந்தவருக்குப் பாரிசவாதமா, பெல்ஸ் போல்சியா (முக நரம்பு பழுதாகி ஒரு பக்க முகம் சோர்வது) என்று கட்டிலருகிலேயே எப்படிப் பிரிப்பது என்பது கேள்வி.

நெற்றியைப் பாருங்கள். முகத் தசைகளை இயக்கும் ஏழாம் மண்டை நரம்பு மூளைத்தண்டில் தொடங்கும் இடமான அதன் கருவில், நெற்றித் தசைக்கான பகுதிக்கு மூளையின் இரு அரைக்கோளங்களிலிருந்தும் கட்டளை வருகிறது. வாய்த் தசைக்கான பகுதிக்கு எதிர்ப்பக்க அரைக்கோளமே பிரதானம். அதனால் அரைக்கோளப் பாரிசவாதத்தில் வாய் கோணினாலும் நெற்றி சுருங்கும். நரம்பே பழுதானால் அந்தப் பாதி முகம் முழுதும் சோர்ந்துவிடும்.

யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரி வோட்டில் பாடப்புத்தகத் தமிழ் உதவாது. "புருவத்தை மேல தூக்குங்கோ ஐயா", "கண்ணை இறுக்கி மூடுங்கோ", "பல்லைக் காட்டுங்கோ" என்றால் போதும். இளம் வயதினருக்குச் சுருக்கம் தெளிவாக விழாது. புருவம் உயர்கிறதா என்று பாருங்கள். மூடிய இமையை விரலால் திறந்து பலத்தைச் சோதியுங்கள். நரம்புப் பழுதில் இமை முழுதாக மூடாது, கண்விழி மேலே உருளுவதும் தெரியும்.

மாணவர்கள் சறுக்குவது இங்கேதான்: "நெற்றி சுருங்கவில்லை, ஆகவே பாரிசவாதம் இல்லை" என்று எழுதிவிடுவார்கள். மூளைத்தண்டில் இந்த நரம்புக் கரு இருக்கும் பொன்ஸ் பகுதியில் இரத்தக்குழாய் அடைபட்டாலும் முகம் இதேபோலத்தான் இருக்கும். இரட்டைப் பார்வை, அதே பக்கக் கண் வெளிப்புறம் திரும்பாமை, எதிர்ப்பக்கக் கைகால் பலவீனம் ஆகியவற்றைத் தேடுங்கள். காதுக்குள்ளும் எட்டிப் பாருங்கள்; கொப்புளம் இருந்தால் அது அக்கி வைரஸின் வேலை.

பெல்ஸ் போல்சிதான் என்றால் 72 மணித்தியாலத்துக்குள் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் மருந்தைத் தொடங்க வேண்டும். நீரிழிவுக்காரரில் இரத்தச் சர்க்கரை ஏறும், கவனம். மூடாத கண்ணுக்குப் பகலில் செயற்கைக் கண்ணீர்த் துளி, இரவில் களிம்பிட்டு இமையை ஒட்டிவிடுங்கள். மறந்தால் விழிவெண்படலம் புண்ணாகும்.