மருத்துவமனையில் நடக்கும் பேய்ப் படங்களில் உங்களை உண்மையாகவே அச்சுறுத்திய படம் எது? ஏன்?

2021ஆம் ஆண்டு வெளியான ‘தி பவர்’ என்ற பிரிட்டிஷ் படம். கோரினா ஃபெய்த் என்பவர் இயக்கிய முதல் முழுநீளப் படம் அது. பேய்ப் படங்களைத் தேடிப் பார்க்கும் பழக்கம் எனக்கு இல்லை. மின்வெட்டின்போது ஒரு செவிலி தனியாக இரவுப் பணி பார்க்கும் கதை என்று தோழி ஒருத்தி சொன்னதால்தான் பார்த்தேன். 2012இல் தருமபுரியில் ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, என் முதல் மாதம் முழுவதும் அப்படித்தான் கழிந்தது.

கதை 1974 ஜனவரியில், கிழக்கு லண்டனில் உள்ள ஒரு பழைய மருத்துவமனையில் நடக்கிறது. அனாதை இல்லத்தில் வளர்ந்த வால் என்ற இளம்பெண் அன்றுதான் செவிலியாகச் சேர்கிறாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இருட்டைக் கண்டால் நடுக்கம். வந்த நாளே தலைமைச் செவிலியான மேட்ரனின் கோபத்துக்கு ஆளாகி, அன்றைக்கே இரவுப் பணிக்கு அனுப்பப்படுகிறாள். மின்வெட்டு காரணமாகப் பெரும்பாலான நோயாளிகளை வேறிடத்துக்கு மாற்றிவிட்டிருக்கிறார்கள். ஜெனரேட்டர் ஓரிரு வார்டுகளுக்கு மட்டுமே மின்சாரம் தருகிறது. மற்ற நடைகூடங்கள் எல்லாம் கும்மிருட்டு. கையில் ஒரு விளக்குடன் அவள் அந்த இருட்டுக்குள் போய்வர வேண்டும்.

பின்னணி வரலாறு உண்மையானது. பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் கூடுதல் நேர வேலை செய்ய மறுத்ததால் நிலக்கரி இருப்பு குறைந்தது. எட்வர்ட் ஹீத் அரசு 1974 ஜனவரி 1 முதல், தொழிற்சாலைகளும் வணிக நிறுவனங்களும் வாரத்தில் மூன்று நாட்கள் மட்டுமே மின்சாரம் பயன்படுத்தலாம் என்று கட்டுப்பாடு விதித்தது. மார்ச் தொடக்கம் வரை இது நீடித்தது. மருத்துவமனைகளுக்கு இதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த இடத்தில் இயக்குநர் தமக்குச் சலுகை எடுத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அது குறையாகப் படவில்லை. சென்னைக்கு இரண்டு மணி நேரமும் எங்களைப் போன்ற மாவட்டங்களுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாகவும் மின்சாரம் நிறுத்தப்பட்ட 2012ஆம் ஆண்டின் கடைசி மாதங்களைக் கடந்து வந்த எவருக்கும் அது குறையாகப் படாது.

எங்கள் மருத்துவமனையில் டீசலை மிச்சப்படுத்துவதற்காக ஜெனரேட்டர் இணைப்பை அறுவை அரங்குக்கும் தீவிர சிகிச்சை அறைக்கும் மட்டும் கொடுத்திருந்தார்கள். பொது வார்டுக்கு இன்வெர்ட்டரில் எரியும் இரண்டு குழல்விளக்குகள். பேட்டரி முழுதாக ஏறுவதற்குள் அடுத்த வெட்டு வந்துவிடும் என்பதால், நள்ளிரவுக்குப் பிறகு அவையும் மங்கி அணைந்துவிடும். செல்போன் டார்ச்சை டிரிப்ஸ் சொட்டு விழும் குழாய்க்குப் பின்னால் பிடித்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து விநாடிக்கு எத்தனை சொட்டு என்று எண்ணி, அதை நான்கால் பெருக்கிக் குறித்துக்கொள்வேன். கண்ணுக்கு வேலை குறைந்தால் காதுக்கு வேலை கூடும். யாருடைய மூச்சு எந்தக் கட்டிலிலிருந்து வருகிறது என்பதுகூட ஒரு வாரத்தில் பழகிவிட்டது.

ஓர் இரவு இரண்டு மணி இருக்கும். மூச்சுத்திணறலோடு சேர்க்கப்பட்டிருந்த ஒரு பெரியவரின் கட்டிலருகே, ஆக்சிஜன் போகும் தண்ணீர்ப் பாட்டிலில் குமிழி எழும் சத்தம் நின்றுபோனதைக் கவனித்தேன். சிலிண்டர் மீட்டரில் முள் பாதியில் நின்றது. ஓடிப்போய் மூத்த செவிலியிடம் சொன்னேன். அவர் டார்ச் அடித்து மீட்டரை மட்டும் பார்த்தார்.

“பாதி இருக்குது பாரு. இருட்டுக்குப் பயந்துக்கினு இருக்கறவ எதுக்கும்மா நைட் டூட்டிக்கு வந்த?”

பெரியவரின் மகன் விழித்துக்கொண்டு, அப்பாவின் உதடு நிறம் மாறுவதாகக் கத்திய பிறகுதான் வேறு சிலிண்டர் வந்தது. மீட்டரின் முள் சிக்கிக்கொண்டிருந்தது, சிலிண்டர் காலி. பெரியவர் பிழைத்துக்கொண்டார். மகன் சொன்னதை உடனே நம்பிய மூத்த செவிலி நான் சொன்னதை ஏன் நம்பவில்லை என்று அன்று கேட்கும் தைரியம் எனக்கு இருக்கவில்லை. பணிப் பதிவேட்டில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

வாலுக்கு நேர்வதும் இதுதான். முன்பொரு முறை தனக்கு நேர்ந்த கொடுமையை வெளியே சொல்லி, பொய்க்காரி என்று பெயர் வாங்கியவள் அவள். எனவே, இருட்டில் ஏதோ இருக்கிறது என்று அவள் சொல்லும்போது எவரும் காது கொடுப்பதில்லை. ஆங்கிலம் சரியாகப் பேச வராத சபா என்ற சிறுமியும் அங்கே நோயாளியாக இருக்கிறாள். அவள் அஞ்சி ஓடுவதைப் பெரியவர்கள் குறும்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். மின்சாரத்துக்கும் அதிகாரத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதை வைத்துத்தான் தலைப்பு. ‘பவர் கட்’ என்றும் ‘பவர்ல இருக்கறவங்க’ என்றும் தினமும் பேசும் நமக்கு அதை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

அநியாயமாகச் செத்த பெண், அவளுக்கு ஒரு ஃப்ளாஷ்பேக், பிறகு பழிவாங்கல் என்ற வரிசை நம் பேய்ப் படங்களில் நமக்கு மனப்பாடம். இந்தப் படமும் ஏறக்குறைய அந்தத் தடத்தில்தான் போகிறது. ஆனால் இங்குள்ள ஆவிக்கு, பழிவாங்குவதற்கு முன்பாக, தனக்கு நடந்ததைச் சொல்ல ஒரு வாய் வேண்டியிருக்கிறது. அதற்காக அது வாலின் உடம்பை எடுத்துக்கொள்ளும் காட்சிகளில், ஆவியைவிட, சுற்றி நிற்பவர்கள் அப்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்வதே என்னை உலுக்கியது.

குறைகளும் உண்டு. கடைசிப் பகுதியில், அதுவரை நாமே ஊகித்து வந்ததையெல்லாம் வாய்விட்டு விளக்கிவிடுகிறார்கள். திடீர்ச் சத்தத்தால் தூக்கிவாரிப்போட வைக்கும் பழைய உத்தியும் இரண்டொரு இடத்தில் தேவையில்லாமல் வருகிறது. நடைகூடத்தின் கோடியில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைவதே போதுமானதாக இருந்தது. சிறுமியருக்கு எதிரான பாலியல் கொடுமை கதையின் மையத்தில் இருப்பதால், பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கும் படம் இல்லை.

ஓசூரில் பயிற்சிச் செவிலியாக இருக்கும் என் சித்தி மகளுக்கு இதைப் போட்டுக் காட்டினேன். அரை மணி நேரம் போவதற்குள் நிறுத்தச் சொல்லிவிட்டு, “அந்த மேட்ரன் அப்படியே எங்க வார்டு சிஸ்டர்தான்க்கா” என்றாள். மறுநாள் அவளுக்கு இரவுப் பணி இருந்ததால் மீதியைப் பார்க்கவில்லை.